வட்டே இல்லாத டிரைவ்



கணினித் துறையில் இன்று பேசுவதற்குக் கவர்ச்சியான பொருள்கள் ஏராளம். நான் கோப்பு முறைமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்று எழுதி வைத்தது நாளையும் எழுதியபடியே இருக்கும் என்று நம்பித்தான் வங்கியும் மருத்துவமனையும் நூலகமும் கணினியை வீட்டுக்குள் விட்டன. அந்த நம்பிக்கையைத் தாங்குகிற அடுக்கு இது. இதை ஒரு தனி மனிதர் தாமே எழுதிவிட முடியும் என்பதும், எழுதுகிறவர் எதற்கெல்லாம் பொறுப்பாகிறார் என்பதும்தான் இன்றைய உரையின் பொருள்.

உங்கள் சட்டைப்பையிலிருந்தே தொடங்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் படங்களும் பாட்டுகளும் பதிவிறக்கிய ஆவணங்களும் இருக்கும் பொதுப் பகுதியை எல்லோரும் அறிவீர்கள். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-உடன் விற்பனைக்கு வந்த கைப்பேசிகள் முதல், ஒரு செயலி அந்தப் பகுதியிலுள்ள கோப்பைத் திறக்கக் கேட்டால் அந்தக் கேள்வி நேரே சேமிப்புச் சில்லுக்குப் போவதில்லை. மீடியா புரொவைடர் என்ற ஒரு நிரல் நடுவில் நின்று அதை வாங்கிக்கொள்கிறது. நாம் எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கக்கூடும். இடத்தை அறிய அனுமதி பெற்ற செயலி படித்தால் அந்த எண்கள் வருகின்றன. அனுமதி பெறாத செயலி அதே பெயருள்ள அதே கோப்பைப் படித்தால், எண்கள் இருந்த இடத்தில் வெறும் பூச்சியங்கள் வருகின்றன. ஒரே கோப்பு, ஒரே நேரம், கேட்பவரைப் பொறுத்து வேறு வேறு பைட்டுகள். அப்படியானால் கோப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம்? சில்லில் பதிந்து கிடப்பதையா, கேள்விக்கு வரும் பதிலையா? செயலிகளைப் பொறுத்தவரை பதில்தான் கோப்பு. மெய்நிகர் வட்டு என்ற கருத்து முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

டிரைவ் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவதில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழடுக்கு கட்டங்களால் ஆனது. 512 பைட்டோ 4,096 பைட்டோ கொண்ட கட்டங்கள், வரிசை எண்ணோடு இருக்கின்றன. இத்தனையாவது கட்டத்தைப் படி, இத்தனையாவது கட்டத்தில் எழுது என்ற இரண்டே வேலைகள்தான் அந்த அடுக்குக்குத் தெரியும். பெயர், கோப்புறை, தேதி, உரிமை ஆகியவை மேலடுக்கின் கணக்கு. கிராமத்தில் நிலத்துக்குச் சர்வே எண் உண்டு. அது யாருடையது, எவ்வளவு, எதன் பங்கு என்பதைப் பட்டாவும் சிட்டாவும்தான் சொல்லும். கட்டங்கள் சர்வே எண்கள். கோப்பு முறைமை வருவாய்த் துறைப் பதிவேடு. மென்பொருளில் ஒரு டிரைவைப் படைக்க விரும்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தாம் போலியாக அமைக்கப்போவது நிலத்தையா, பதிவேட்டையா என்பதுதான்.

நிலத்தை அமைப்பது எளிது. லினக்ஸில் 1 ஜிபி அளவு என்று சொல்லி ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். அதன்மேல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை எழுதச் சொல்லுங்கள். லூப் என்ற வசதி வழியாக அதை ஒரு கோப்புறையில் மவுன்ட் செய்யுங்கள், அதாவது பொருத்துங்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு புது வட்டு கிடைத்துவிடும். கட்டம் 5,000-ஐக் கேட்டால், அந்தக் கோப்பின் தொடக்கத்திலிருந்து அத்தனை கட்டம் தள்ளியுள்ள பைட்டுகளை லூப் எடுத்துக் கொடுக்கிறது. எக்ஸ்ட்4-க்குத் தன் காலடியில் இருப்பது உலோகமா வெறும் கோப்பா என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் 1 ஜிபி என்று சொன்னாலும் எழுதப்படாத பகுதிகளுக்கு உண்மை வட்டில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. நிரம்ப நிரம்பத்தான் இடம் பிடிக்கும். மேகக் கணினி நிறுவனங்கள் கையிருப்பை மீறி வட்டுகளை வாடகைக்கு விட முடிவது இத்தகைய ஏற்பாட்டினால்தான்.

விண்டோஸ் உலகில் இதே வேலையைச் செய்யும் விஹெச்டி வடிவம் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் படைப்பு. மைக்ரோசாஃப்ட் 2003-இல் அந்நிறுவனத்தின் மெய்நிகர்க் கணினித் தொழில்நுட்பத்தை வாங்கியது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் அந்தக் கோப்பை நேரடியாக டிரைவாகப் பொருத்திக்கொள்ளலாம். விஹெச்டி கோப்பின் கடைசி 512 பைட்டில் பழைய நிறுவனத்தின் பெயர் எட்டெழுத்தில் இன்றும் எழுதப்படுகிறது.

இதற்கும் முன்னே 1993-இல் எம்எஸ்-டாஸ் 6.0-உடன் வந்த டபுள்ஸ்பேஸை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய சிறிய ஹார்ட் டிஸ்க்கின் இடத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக அது சொன்னது. சி டிரைவ் என்று பயனர் பார்த்ததெல்லாம் உண்மையில் வேறொரு டிரைவில் மறைத்து வைக்கப்பட்ட ஒரே ஒரு பெரிய கோப்பு. சுருக்கி எழுதி, விரித்துப் படித்துக் கொடுத்தது நடுவில் இருந்த நிரல். அது வந்த வேகத்தில், தரவு போய்விட்டது என்ற புகார்களும் வந்தன. சுருக்கத்தின்மேல் விழுந்த பழியில் ஒரு பெரும்பங்கு உண்மையில் ஸ்மார்ட்டிரைவ் என்ற வேறொரு நிரலுக்கு உரியது. எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு வட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று அது தள்ளிப்போட்டது. திரையில் கட்டளைக்குறி திரும்பிவிடும். வேலை முடிந்தது என்று எண்ணிப் பயனர் மின்சாரத்தை அணைப்பார். நினைவகத்தில் இருந்தது போய்விடும். எம்எஸ்-டாஸ் 6.2-இல்தான், எழுதி முடித்த பிறகே கட்டளைக்குறி திரும்பும்படி மாற்றினார்கள். முடியாததை முடிந்தது என்று சொன்னதுதான் அங்கே குற்றம். இதற்கு மீண்டும் வருகிறேன்.

பதிவேட்டை அமைப்பது, அதாவது கோப்பு முறைமையையே எழுதுவது, வேறு வகையான வேலை. நெடுங்காலம் அது இயக்கமுறைமையின் கெர்னலுக்குள் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கெர்னலில் ஒரு சுட்டி தவறினால் கணினியே நின்றுவிடும் என்பதால் அந்தக் கதவு இறுகச் சாத்தியிருந்தது. கதவைச் சிறிது சிறிதாகத் திறந்த மூன்று வேலைகளைச் சொல்ல வேண்டும். 1984-இல் பெல் ஆய்வகத்தின் டாம் கிலியன், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையே கோப்புகளாகக் காட்டும் ஒரு கோப்புறையை யூனிக்ஸில் அமைத்தார். அதன் பின்னால் வட்டு எதுவும் இல்லை. திறக்கும் கணத்தில் பதில் தயாரிக்கப்படுகிறது. லினக்ஸில் இன்றும் உள்ள புரோக் கோப்புறை அந்த மரபில் வந்தது. சன் நிறுவனத்தின் ஸ்டீவ் கிளைமன், பல வகைக் கோப்பு முறைமைகள் ஒரே கெர்னலில் அருகருகே இயங்குவதற்கான வீநோட் அமைப்பை 1986-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். உள்ளூர் வட்டோ, வலையின் மறுமுனையில் இருக்கும் கணினியோ, எதுவானாலும் திற, படி, எழுது, பெயர் தேடு என்ற ஒரே கேள்விகளைக் கேட்கலாம் என்றாயிற்று. மூன்றாவது பெல் ஆய்வகத்தின் பிளான் 9. அங்கே வலைத்தொடர்பும் திரைச் சாளரமும்கூடக் கோப்புகளே. அந்த இயக்கமுறைமை பரவவில்லை என்றாலும், கோப்புக் கேள்விகளைக் கம்பி வழியே அனுப்ப அது வகுத்த 9பி நெறிமுறை, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் ஏற்பாட்டில் இரு பக்கக் கோப்புகளையும் இணைப்பதற்கு இன்றும் உழைக்கிறது.

கதவை முழுவதுமாகத் திறந்தது ஃபியூஸ். ஹங்கேரியைச் சேர்ந்த மிக்லோஷ் செரெடி எழுதிய இந்த ஏற்பாடு, 2005 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.14-இல் சேர்ந்தது. கெர்னலுக்குள் ஒரு சிறு தூதனை மட்டும் வைத்துவிட்டு, பதில் சொல்லும் பொறுப்பை வெளியே இருக்கும் சாதாரண நிரலிடம் ஒப்படைப்பதே அதன் வழி. அந்த நிரல் தவறு செய்தால் அது மட்டும் விழும், கணினி நிற்காது. சி, பைத்தான், கோ, ரஸ்ட் என்று விரும்பிய மொழியில் எழுதலாம். விண்டோஸில் இதே வாய்ப்பை டோகனும் வின்எஃப்எஸ்பியும் தருகின்றன. கூகுள் டிரைவை மேசைக் கணினியில் நிறுவியதும் தோன்றும் ஜி டிரைவ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரு கோப்புறையின் பட்டியலை எல்எஸ் கட்டளையால் கேட்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எழுத வருகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய பாதை இது. எல்எஸ் கெர்னலிடம் கேட்கிறது. இந்தப் பாதை ஃபியூஸுக்கு உரியது என்று கண்ட கெர்னல், கேள்வியை ஒரு வரிசையில் வைக்கிறது. நம் நிரல் அந்த வரிசையிலிருந்து கேள்வியை எடுக்கிறது: 'இந்தக் கோப்புறையில் என்னென்ன பெயர்கள்?' பெயர்களைத் தருகிறோம். உடனே அடுத்தது: 'முதல் பெயருக்கு உரியது கோப்பா, கோப்புறையா? அளவென்ன? யாருடையது?' பிறகு இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர். கோப்புறையில் 1,000 பெயர்கள் இருந்து, ஒவ்வொரு பதிலும் தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து வர 50 மில்லிவினாடி ஆகுமானால், பட்டியல் போடவே 50 வினாடி பிடிக்கும். புதிதாக எழுதுகிறவர்களின் டிரைவ் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெயர்ப்பட்டியல் வரும்போதே அளவையும் தேதியையும் சேர்த்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி. எத்தனை நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த சிக்கல். ஃபியூஸ் நூலகம் இயல்பாக 1 வினாடி என்று வைத்திருக்கிறது. கூட்டினால் வேகம் கூடும். பழைய செய்தியைத் தரும் ஆபத்தும் கூடும்.

படிக்க மட்டும் உதவும் ஒரு கோப்பு முறைமைக்கு நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும்: பண்புகள் என்ன, பெயர்கள் என்ன, திறக்கலாமா, இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் கொடு. இவ்வளவு எளிதா என்று வியந்துகொண்டே எழுதத் தொடங்குகிறவர்களை முதல் நாளே ஒன்று தடுமாற வைக்கும். உள்ளடக்கத்தைக் கேட்கும்போதுதான் தயாரிக்கப்போகிறோம், அளவை முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்று பூச்சியம் என்று சொல்லிவிடுவார்கள். பூச்சியம் என்று சொன்ன கோப்பைக் கெர்னல் படிக்கவே அனுப்பாது. கெர்னலின் இடைநினைவகத்தை ஒதுக்கிவிட்டு எல்லாக் கேள்விகளையும் நேராக அனுப்பு என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் வருவது இன்னும் கொடியது. நம் நிரல் தானே மவுன்ட் செய்த பாதையில் உள்ள கோப்பொன்றைத் தானே திறக்கப் போகும். கேள்வி வரிசையில் சேரும். பதில் சொல்ல வேண்டியவரோ அந்தப் பதிலுக்காகவே காத்துக்கொண்டிருப்பார்.

எழுதவும் இடம் கொடுத்தால் வேலை பல மடங்காகிறது. கெர்னல் கேட்கும் கேள்விகள் கூடுவதைவிட, பயன்பாட்டு நிரல்கள் சொல்லாமலே எதிர்பார்க்கும் பழக்கங்கள்தான் காரணம். பல உரைத்தொகுப்பிகள் கோப்பைச் சேமிக்கும்போது பழையதன்மேல் எழுதுவதில்லை. புதுக் கோப்பில் எழுதி முடித்து, அதைப் பழைய பெயருக்கு மாற்றுகின்றன. பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும், நடுவில் யார் பார்த்தாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக இருக்கும் என்று அவை நம்புகின்றன. அமேசான் எஸ்3 போன்ற பொருள் சேமிப்பகத்தை டிரைவாகக் காட்ட முனைகிறவர்கள் இங்கே தவிக்கிறார்கள். அங்கே பெயர்மாற்றம் காலங்காலமாக நகலெடுத்து அழிப்பதுதான். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள ஒரு கோப்புறைக்குப் பெயர் மாற்றினால் அத்தனையையும் நகலெடுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் பாதி இங்கே, பாதி அங்கே. இன்னொரு பழக்கம்: யூனிக்ஸில் ஒரு கோப்பை ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது மற்றொருவர் அழிக்கலாம், திறந்தவருக்கு அது மூடும்வரை கிடைக்க வேண்டும். அதற்காக ஃபியூஸ் நூலகம் அந்தக் கோப்பை அழிக்காமல் மறைபெயரிட்டு ஒதுக்கி வைத்து, மூடிய பிறகே நீக்குகிறது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது எஃப்சிங்க் என்ற அழைப்பு. ஒரு நிரல் எழுதச் சொன்னதும் தரவு வட்டுக்குப் போய்விடுவதில்லை. நினைவகத்தில் நின்று, லினக்ஸில் அரை நிமிடம்வரைகூடத் தங்கிப் பிறகே இறங்கும். 'இறங்கிவிட்டது என்று உறுதி சொல். அதுவரை நான் நகரமாட்டேன்' என்று கேட்பதுதான் எஃப்சிங்க். வங்கியின் தரவுத்தளம் உங்கள் பணம் வரவாயிற்று என்று சொல்வது இந்த உறுதிக்குப் பிறகே. ஃபியூஸில் இதற்குரிய பகுதியை நீங்கள் எழுதாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்த வசதி இங்கில்லை என்ற பதிலைப் பெறும் கெர்னல், கேட்ட நிரலுக்குப் பிழை எதுவும் சொல்லாமல் 'சரி' என்று திருப்பிவிடுகிறது. நாம் எழுதாத ஒன்றுக்கு நம் பெயரில் உறுதிமொழி போகிறது. ஃபியூஸ் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இது பயிற்சி நிரல்களின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் லினக்ஸில் ஒன்றைக் கண்டறிந்து திகைத்தார்கள். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் கெர்னல் அந்தப் பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத நினைவகப் பக்கங்களை எழுதியவை என்றே குறித்துக்கொள்ளும். மீண்டும் கேட்டால் 'சரி' என்று வரும். தோற்றால் திரும்ப முயலலாம் என்று பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த தர்க்கம் முழுவதும் ஆட்டம் கண்டது. 2019 தொடக்கத்தில் வெளியிட்ட திருத்தத்தில் அவர்கள் எடுத்த முடிவு: எஃப்சிங்க் தோற்றால் சேவையகம் உடனே நின்றுவிட வேண்டும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் முன்பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டியெழுப்ப வேண்டும். சந்தேகமான 'சரி'யைவிட நின்றுபோவது மேல் என்ற அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கேள்வியும் கெர்னலிலிருந்து வெளியே வந்து திரும்பிப் போவதற்கு விலை உண்டு. 2017-இல் சேமிப்பகத் தொழில்நுட்பத்துக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, வேலையின் தன்மையைப் பொறுத்து ஃபியூஸினால் வரும் இழப்பு தெரியாத அளவிலிருந்து 83 விழுக்காடு வரை போகும் என்று அளந்து காட்டியது. பெரிய கோப்பை வரிசையாகப் படிப்போருக்குக் கவலை குறைவு. சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் படைப்போர் யோசித்துச் செய்ய வேண்டும்.

இனி நம் மொழிக்கு நேரே தொடர்புடைய ஒன்று. லினக்ஸின் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். தொல்காப்பியம் என்ற பெயர் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறிகள். வட்டில் 39 பைட். ஆக, தமிழில் 85 குறிகளோடு, அதாவது ஏறத்தாழ 45 எழுத்தோடு, பெயர் முடிந்துவிட வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் கணக்கு வேறு. அங்கே 255 தமிழ்க் குறிகள்வரை இடமுண்டு. நீண்ட தலைப்புள்ள ஒரு தமிழ் நூலின் கோப்பு விண்டோஸில் நலமாக இருந்து, லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது 'பெயர் நீளம்' என்று மறுக்கப்படுவது இதனால்தான். கோப்பு முறைமையில் மறையாக்கம் செய்து பெயர்களையும் மறைத்தால் சில முறைகளில் அவை மேலும் நீளும். அங்கே தமிழ்ப் பெயருக்குரிய இடம் இன்னும் சுருங்கும்.

அதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. 'தொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: முழுமையாக ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் என்ற இரு குறிகளாகவோ. திரையில் வேறுபாடு தெரியாது. தொல்காப்பியம் இரண்டாம் முறையில் 42 பைட் ஆகிவிடும். ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017-இல் மேக் கணினிக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே சேமித்து, இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 இயல்பு நிலையில் இரண்டையும் வேறு பெயர்களாகவே கொள்கிறது. ஒரே கோப்புறையில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு தொல்காப்பியங்கள் அங்கே இருக்கலாம்! பட்டியலில் கண்ணெதிரே தெரியும் கோப்பைத் திறந்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வரலாம். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் எல்லாப் பெயருக்கும் இது பொருந்தும். தமிழ் நூல்களின் மின்கோப்புகளுக்கு ரோமன் எழுத்தில் பெயரிடும் வழக்கம் நிலைத்துப்போனதற்கு இத்தகைய தொல்லைகளும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். மாற்ற வேண்டியது பெயர்களை அல்ல, முறைமைகளைத்தான். பெயரைக் கொடுத்தபடியே சேமியுங்கள்; தேடும்போது இரு வடிவத்தையும் ஒன்றாக்கி ஒப்பிடுங்கள். இதை உலகில் எங்கோ ஒருவர் நமக்காகச் செய்வார் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பொறியியல் கல்லூரிகளின் இயக்கமுறைமை ஆய்வகத்தில், கோப்புக்கு இடம் ஒதுக்கும் முறைகளை எண்களை அச்சிட்டுக் காட்டும் சிறு நிரல்களாக மாணவர்கள் எழுதுகிறார்கள். அதோடு நிறுத்தாமல், மவுன்ட் ஆகிற, எல்எஸ் கட்டளைக்குப் பதில் சொல்கிற ஒரு கோப்பு முறைமையை ஒவ்வொரு மாணவரும் எழுதும்படி செய்யுங்கள். ஒரு தமிழ் அகராதியை எடுத்துக்கொள்ளலாம்: முதலெழுத்துக்கு ஒரு கோப்புறை, சொல்லுக்கு ஒரு கோப்பு, திறந்தால் பொருள். 'கொ' கோப்புறையை இரு வடிவிலும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதும் வசதியைச் சேர்த்தவர்கள், மெய்நிகர்க் கணினியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் எழுப்பி, எஃப்சிங்க் 'சரி' சொன்னவை அனைத்தும் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத எதிலும் பிறருடைய தரவை வைக்க வேண்டாம். மாணவர்களே, இதற்கு லினக்ஸ் ஏற்றிய ஒரு பழைய மடிக்கணினி போதும். ஃபியூஸ் நூலகத்தோடு வரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஒரே ஒரு கோப்பை மட்டும் காட்டும் மிகச் சிறிய நிரல். அதிலிருந்து இன்றே தொடங்குங்கள்.